ஹட்டன் பாடசாலை ரோபோ: நாலு மெக்கானம் சில்லா, மூணு ஓம்னி சில்லா?

ஹட்டன்_தரம்12 கேட்டது:

வணக்கம். பாடசாலைகளுக்கு இடையிலான ரோபோ போட்டி ஒன்றுக்கு ஐந்து பேர் சேர்ந்து ரோபோ செய்கிறோம். திரும்பாமலே எப்பக்கமும் நகரக்கூடிய சில்லு வேணும் என்று முடிவாகிவிட்டது. நாலு மெக்கானமா (விளிம்பில் சாய்ந்த ரோலர்கள் உள்ள சில்லு), மூணு ஓம்னியா (விளிம்பில் பக்கவாட்டுக்கு உருளும் ரோலர்கள் உள்ள சில்லு) என்பதில்தான் குழுவுக்குள் இழுபறி.

விதிமுறை இப்படி: தொடங்கும்போது ரோபோ 30 செ.மீ. நீள அகலத்துக்குள் இருக்கணும், எடை 4 கிலோவுக்கு மேல் போகக்கூடாது, மின்சாரம் அதிகபட்சம் 3 செல் பெட்டரி. களம் 4 அடிக்கு 8 அடி ப்ளைவூட் இரண்டைச் சேர்த்துப் பெயின்ட் அடித்தது. அதாவது 2.44 மீட்டர் சதுரம், நடுவில் ஒரு மூட்டு. ஒரு பக்கச் சுவரோரம் தட்டு. அதிலிருந்து 6 செ.மீ. பெட்டிகள் எட்டை எடுத்து எதிர்ப்பக்கம் நிறக் கட்டங்களில் வைக்கணும். நேரம் 150 விநாடி. களத்தில் எதிரணி ரோபோ இல்லை, யாரும் வந்து முட்ட மாட்டார்கள்.

தட்டோரம் பக்கவாட்டில் நகர்ந்து பெட்டிக்கு நேரே நிற்பதுதான் முக்கிய வேலை. எங்களிடம் கோட் ஓட்டும் அர்டுயினோ மெகா பலகை ஒன்றும், திரும்பும் கோணத்தை அளக்கும் எம்பியு6050 ஜைரோ ஒன்றும் இருக்கின்றன. சில்லு, மோட்டர், டிரைவர் (மோட்டருக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தித் தரும் பலகை) எல்லாம் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில்தான் வாங்கணும். இங்கிருந்து ஒரு நாள் பயணம் என்பதால் தப்பாக வாங்கினால் மறுபடி போவது கஷ்டம். பழகுவதற்குப் பாடசாலை மண்டபத்தின் சிவப்புப் பாலிஷ் சீமெந்துத் தரை இருக்கிறது. இன்னும் ஏழு வாரம்.

எது நல்லது? காரணத்தோடு சொன்னால் குழுவில் பேச வசதி.

---

பண்டாரவளை_பட்டறை:

தம்பி, முதலில் உங்களுக்கு ஒத்து வராததை ஒதுக்கிவிடுவோம். ஒவ்வொரு சில்லும் தனித்தனியாகத் திரும்பும் ஸ்வேர்வ் வகைக்கு எட்டு மோட்டர் வேணும், 30 செ.மீ.க்குள் அடங்காது. நாலு ஓம்னி சில்லுக்கு நடுவில் குறுக்காக ஒன்று போடும் எச் வகையில் அந்த நடுச்சில்லு ஸ்பிரிங் அழுத்தத்தில் தரையைத் தொடணும். அழுத்தம் கூடினால் மற்ற நாலும் தரையை விடும், குறைந்தால் நடுச்சில்லு சும்மா சுற்றும். ஏழு வாரத்தில் அதோடு மல்லுக்கட்டாதீங்க. நாலு மூலையில் 45 பாகை சாய்த்து ஓம்னி போடும் எக்ஸ் வகை நன்றாக ஓடும். நேராகப் போகும்போது வேகம் சில்லின் வேகத்தைப் போல 1.41 மடங்கு வரும், அதே அளவுக்குத் தள்ளும் பலம் குறையும். உங்களுக்கு அதில் சிக்கல் பலம் இல்லை, இடம்தான். நாலு மோட்டரும் மூலையிலிருந்து நடுவை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும். பெட்டி எடுக்கும் கையையும் பெட்டரியையும் எங்கே வைப்பீங்க?

மிச்சம் நீங்க கேட்ட இரண்டு. என் தேர்வு நாலு மெக்கானம், 80 மி.மீ. விட்டம். ஆனால் ஒரு நிபந்தனை: நாலும் தரையை ஒரே மாதிரி அழுத்தணும்.

ஏன் என்றால், மெக்கானத்தில் ஒவ்வொரு சில்லும் 45 பாகையில் சாய்ந்த ரோலர் வழியாகத் தரையைத் தள்ளுகிறது. வலப்பக்கம் நகரும்போது முன் இடதும் பின் வலதும் முன்னோக்கிச் சுற்றும், மற்ற இரண்டும் பின்னோக்கிச் சுற்றும். முன் தள்ளலும் பின் தள்ளலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பக்கத் தள்ளல் மட்டும் மிஞ்சுகிறது. ஒரு சில்லு தரையை விட்டு ஒரு காகிதத் தடிப்பு தூக்கினாலும் அந்தக் கணக்குக் கலைந்துவிடும். ரோபோ பக்கவாட்டில் போகாமல் ஒரு மூலையைச் சுற்றி வளையும். "கோட் பிழை" என்று பையன்கள் இரவெல்லாம் தேடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிழை சட்டத்தில் இருக்கும்.

சட்டம் முறுகாமல் கெட்டியாக இருந்தால் போதும் என்று நினைக்காதீங்க. கெட்டியான சட்டமும் மேடுபள்ளத் தரையும் சேர்ந்தால் நாலு கால் மேசை ஆடுவது போலத்தான். அதற்கு வழி, முன் இரண்டு மோட்டரையும் ஒரு தனிக் குறுக்குச் சட்டத்தில் பூட்டி, அந்தச் சட்டத்தை நடுவில் ஒரே ஒரு அச்சில் ஆட விடுவது.

---

கண்டி_மூணுசில்லு:

பண்டாரவளை அண்ணா சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த ஆடும் சட்டமே தேவைப்படாத வழி ஒன்று இருக்கும்போது ஏன் சுற்றணும்? மூணு ஓம்னி சில்லு 120 பாகை இடைவெளியில். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. மூணும் எப்போதும் தரையில் இருக்கும். மோட்டர் ஒன்று குறைவு, டிரைவர் ஒன்று குறைவு, சுற்றை எண்ணும் என்கோடர் ஒன்று குறைவு. இடது, வலது என்று சில்லில் வேறுபாடும் இல்லை, ஆகவே மாற்றுச் சில்லு ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டால் போதும்.

கணக்கும் எளிது. பின்னால் ஒரு சில்லு, முன்னால் இடது வலதாக இரண்டு என்று வையுங்க. முன்னோக்கிய வேகம் நே, இடப்பக்க வேகம் ப, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசைச் சுழற்சி தி:

முன் இடது = −0.866 நே + 0.5 ப + தி
பின் = −ப + தி
முன் வலது = 0.866 நே + 0.5 ப + தி

மேலிருந்து பார்க்கும்போது ரோபோவை எதிர்த்திசையில் சுழற்றும் பக்கம்தான் ஒவ்வொரு சில்லுக்கும் கூட்டல். அதை மட்டும் மூணுக்கும் ஒரே மாதிரி வையுங்க.

ஒரு எச்சரிக்கை. நேராகப் போகும்போது பின் சில்லு ஓடாது, அதன் ரோலர் மட்டும் உருளும். அந்த ரோலர் ஒன்று இறுகிக் கிடந்தால் அது தரையில் தேய்ந்து ரோபோவைப் பிடித்து இழுக்கும். வாங்கும் இடத்திலேயே ஒவ்வொரு ரோலரையும் விரலால் தட்டிச் சுற்றிப் பாருங்க. ஒற்றை வரிசை ஓம்னி வேண்டாம். ரோலருக்கும் ரோலருக்கும் நடுவில் வெற்றிடம் இருப்பதால் தடதடவென்று அதிரும், பெட்டி பிடித்த கை ஆடும். இரட்டை வரிசை கேட்டு வாங்குங்க.

---

பதுளை_கணக்கு:

இரண்டு பேரும் சொல்லாத இரண்டு விஷயம் இருக்கின்றன. ஒன்று மூட்டு, மற்றது கவிழ்வது. இரண்டையும் எண்ணில் பார்க்கலாம்.

மூட்டு: ஓம்னி சில்லு நேராகப் போகும்போது முழு விட்டமும் படியில் ஏறும். பக்கவாட்டில் போகும்போது ஏறுவது அந்தச் சின்ன ரோலர் மட்டும். 58 மி.மீ. ஓம்னியில் ரோலர் விட்டம் 13 மி.மீ. அளவு என்று வைப்போம், ஆரம் 6.5. ப்ளைவூட் மூட்டில் 2 மி.மீ. படி இருந்தால், அந்த ரோலரை மேலே இழுக்க அந்தச் சில்லின் மேலுள்ள எடைக்குச் சமமான கிடைத்தள்ளல் வேணும். படி 1 மி.மீ. என்றால் எடையில் 0.63 பங்கு. ரோலர் ஆரம் 10 மி.மீ. ஆக இருந்தால் 2 மி.மீ. படிக்கு 0.75 பங்கு. 80 மி.மீ. சில்லு நேராக ஏறினால் அதே படிக்கு வெறும் 0.33 பங்கு. மற்ற சில்லுகள் வழுக்காமல் அவ்வளவு தள்ளுமா என்பதுதான் கேள்வி. ஆகவே கடையில் சில்லு விட்டத்தைக் கேட்பதோடு ரோலர் விட்டத்தையும் அளந்து வாங்குங்க. மூட்டைக் கடக்கும்போது பக்கவாட்டில் கடக்காமல் நேராகக் கடக்கும்படி பாதையைப் போடுங்க. செலவில்லாத தீர்வு இதுதான்.

கவிழ்வது: மொத்தம் 4 கிலோ, அதில் கையும் பெட்டியும் 600 கிராம், நடுவிலிருந்து 18 செ.மீ. முன்னால் நீட்டியிருக்கிறது என்று வைத்தால் ஈர்ப்பு மையம் 2.7 செ.மீ. முன்னே போகிறது. மையத்தின் உயரம் 12 செ.மீ. என்று கொள்வோம்.

மூணு சில்லு 12 செ.மீ. ஆரத்தில் இருந்தால், முன் இரண்டு சில்லை இணைக்கும் கோடு நடுவிலிருந்து 6 செ.மீ. தூரத்தில்தான் இருக்கும். மிச்சம் 3.3 செ.மீ. புவியீர்ப்பில் 0.28 பங்குக்கு மேல் பிரேக் பிடித்தால் முன்னால் கவிழும். மெக்கானத்தில் முன் பின் அச்சு இடைவெளி 20 செ.மீ. என்றால் மிச்சம் 7.3 செ.மீ., கவிழ 0.61 பங்கு வேணும்.

மூணு சில்லு முடியாது என்று சொல்லவில்லை. வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க கோட் எழுதலாம். விநாடிக்கு 0.7 மீட்டர் வேகத்திலிருந்து 1.5 மீ/வி² வீதம் குறைத்தால் சுமார் 16 செ.மீ.யில் நின்றுவிடும், கவிழாது. ஆனால் சுவரில் போய் இடித்தால் எழுதிய கோட் எதுவும் காப்பாற்றாது. கையை ஒரு சில்லுக்கு நேர் மேலே வருமாறு திருப்பி வைத்தால் முன்பக்க மிச்சம் 9 செ.மீ.க்கு மேல் போகும், பக்கவாட்டு மிச்சம் குறையும்.

ஆக தம்பி, மூட்டின் படி எவ்வளவு, கை எவ்வளவு தூரம் நீளும்? இந்த இரண்டையும் சொல்லுங்க. அதற்குப் பிறகு சில்லு வாங்கலாம்.

---

ஹட்டன்_தரம்12:

மிக்க நன்றி. ஏற்பாட்டாளர்களிடம் கேட்டோம். மூட்டில் 2 மி.மீ. வரை படி வரலாம், மேலே டேப் ஒட்ட மாட்டார்கள் என்றார்கள். கை 19 செ.மீ. நீளும், தட்டின் உயரம் 22 செ.மீ. கையைக் குறைக்க வழியில்லை.

மண்டபத் தரையில் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்த்தோம். 30 செ.மீ. தூரத்துக்குள்ளேயே சில இடத்தில் 2 மி.மீ. பள்ளம் இருக்கிறது. காலையில் தரை ஈரப்பசையோடு இருக்கும். எல்லாம் பார்த்தால் மெக்கானமும் ஆடும் சட்டமும்தான் சரி என்று படுகிறது. சட்டம் எப்படிச் செய்வது, எந்த மோட்டர் என்று சொல்ல முடியுமா?

---

பண்டாரவளை_பட்டறை:

சரி, செய்முறையைச் சொல்கிறேன்.

சட்டத்துக்கு எம்டிஎஃப் பலகை வேண்டாம். மலைநாட்டு ஈரத்தில் ஓரம் ஊதி போல்ட் துளை தளர்ந்துவிடும். பேர்ஸ்பெக்ஸ் துளையில் வெடிக்கும். அலுமினியம் ஜன்னல் செய்யும் கடையில் 25 மி.மீ. சதுரக் குழாய் வெட்டுத் துண்டு கேளுங்க, ஒரு மீட்டர் போதும். அடித்தட்டுக்கு 3 மி.மீ. அலுமினியத் தகடு 26 செ.மீ.க்கு 18 செ.மீ.

பின் மோட்டர் இரண்டும் அடித்தட்டோடு நிரந்தரமாகப் பூட்டப்படும். முன் மோட்டர் இரண்டும் 18 செ.மீ. குழாய்த் துண்டில். அந்தக் குழாயின் நட்ட நடுவில் முன்பின்னாக ஒரு 8 மி.மீ. போல்ட். அது அடித்தட்டின் கீழே பொருத்திய இரண்டு 608 பேரிங்குக்குள் ஓடணும். 608 என்பது உள் விட்டம் 8, வெளி விட்டம் 22, தடிப்பு 7 மி.மீ. பேரிங் இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 3 செ.மீ. இடைவெளி விடுங்க, இல்லாவிட்டால் சட்டம் முன்பின்னாகவும் நெளியும். அப்படி நெளிந்தால் சில்லின் கோணம் மாறும். பேரிங் கூடு செய்ய பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையிலோ டவுனிலோ லேத் பட்டறை இருந்தால் பத்து நிமிட வேலை. நட் கட்டாயம் நைலொக் நட்டாக (உள்ளே நைலோன் வளையம் உள்ளது) இருக்கணும். ஆடும் அச்சில் சாதாரண நட் தானாகக் கழன்றுவிடும்.

இப்போது முக்கியமான ஒன்று. முன் சட்டம் ஆடும்போது ரோபோவைத் தாங்குவது நாலு சில்லு அல்ல. பின் இரண்டு சில்லும் அந்த நடு அச்சும்தான், அதாவது மறுபடி ஒரு முக்கோணம். முன்னால் கவிழும் கணக்கு மாறாது, ஆனால் பக்கவாட்டில் மெலிந்துவிடும். ஆகவே சட்டத்தின் இரு முனைக்கும் மேலே ஒரு ரப்பர் தடுப்பு வையுங்க. சில்லு மேலும் கீழும் 3 மி.மீ. மட்டும் ஆடணும். அதற்கு மேல் சாய முயன்றால் தடுப்பில் முட்டி நாலு சில்லும் தாங்கும். 2 மி.மீ. படிக்கு 3 மி.மீ. தாராளம்.

முடிந்ததும் சமையலறைத் தராசை ஒவ்வொரு சில்லுக்கும் கீழே வைத்து, மற்ற மூணையும் அதே உயரப் பலகையில் நிறுத்தி எடை பாருங்க. இடது வலது வேறுபாடு 100 கிராமுக்குள் வரும்வரை பெட்டரியை நகர்த்துங்க. பின்பக்கம் பெட்டரி போனால் கையின் எடையும் சரிப்படும்.

சில்லைப் பூட்டும்போது: மேலிருந்து பார்த்தால் நாலு சில்லின் மேல் ரோலர்களும் சேர்ந்து பெருக்கல் குறி போலத் தெரியணும். மாற்றிப் பூட்டினால் முன்னும் பக்கமும் ஓடும், திரும்ப மட்டும் மாட்டாது. தள்ளல் கோடுகள் நாலும் நடுவை நோக்கி வருவதால் சுழற்ற நெம்பு கிடைப்பதில்லை. வாங்கும்போது இரண்டு இடது, இரண்டு வலது. மாற்றுச் சில்லும் இடது ஒன்று, வலது ஒன்று.

மோட்டர் ஜேஜிபி37-520, 12 வோல்ட், என்கோடருடன், நிமிடத்துக்கு 170 முதல் 180 சுற்று. 80 மி.மீ. சில்லின் சுற்றளவு 251 மி.மீ., ஆகவே விநாடிக்கு 0.75 மீட்டர் அளவு. 333 சுற்று வேண்டாம். இந்தக் களத்தில் அந்த வேகத்தை எட்டுவதற்குள் நிறுத்த வேண்டியிருக்கும், மெதுவாக நேர்ப்படுத்தும்போது துள்ளும். ஒரு சில்லின் மேல் 1 கிலோ, உராய்வு 0.6 என்றால் சில்லு வழுக்குமுன் மோட்டர் தரவேண்டியது சுமார் 2.4 கிலோ-செ.மீ. தொடர்ந்து தரக்கூடிய முறுக்கு அதற்குக் குறையாத மோட்டராகப் பாருங்க.

தண்டு 6 மி.மீ., ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். தண்டைச் சில்லோடு இணைக்கும் அறுகோணக் கப்ளிங்கின் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ) அந்தத் தட்டையின் நட்ட நடுவில் உட்காரணும். ஓரத்தில் உட்கார்ந்தால் முதல் நாள் இறுக்கமாகத்தான் தெரியும், நூறு தடவை முன்பின் போனதும் தண்டில் பள்ளம் தோண்டித் தளரும். ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசையான லொக்டைட்டில் நீலம் ஒரு துளி விடுங்க, சிவப்பு வேண்டாம், பிறகு கழற்ற முடியாது. சில்லின் பிளாஸ்டிக்கில் அது படக்கூடாது, வெடிப்பு விழும். எம்3 கிரப் ஸ்க்ரூவுக்கு 1.5 மி.மீ. அலன் கீ, எம்4க்கு 2 மி.மீ. மலிவான கீ முனை உருண்டு ஸ்க்ரூவையும் கெடுக்கும், இதில் சிக்கனம் பார்க்காதீங்க.

ரோலருக்கு எண்ணெய் விடாதீங்க. தூசியை இழுத்துச் சேறாக்கும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

---

பதுளை_கணக்கு:

மின்சாரத்தையும் கோட் எழுதுவதையும் நான் சொல்கிறேன்.

டிரைவராக எல்298என் வேண்டாம். அதற்குள்ளேயே 2 வோல்ட் அளவு விழுங்கிச் சூடாகும். டிபி6612 தொடர்ந்து 1.2 ஆம்பியர்தான் தாங்கும். மோட்டர் முட்டி நிற்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, தண்டை ஒரு விநாடி மட்டும் பிடித்து அளந்து பாருங்க. அதைத் தாங்கும் டிரைவராக வாங்குங்க. பிடிஎஸ்7960 என்றால் மோட்டருக்கு ஒன்று வீதம் நாலு, இடம் பிடிக்கும், ஆனால் எரியாது. பெட்டரி வயரிலேயே 10 ஆம்பியர் ஃபியூஸ். மெகாவுக்கும் கையின் சர்வோவுக்கும் தனித்தனி பக் கன்வேர்ட்டர் (வோல்டைக் குறைத்துத் தருவது). ஒன்றாகப் போட்டால் கை தூக்கும் கணத்தில் மெகா ரீசெட் ஆகும்.

மெகாவில் இன்டரப்ட் பின் (துடிப்பு வந்த உடனே மெகாவைக் கவனிக்க வைக்கும் பின்) ஆறு: 2, 3, 18, 19, 20, 21. இதில் 20, 21 எம்பியு6050க்குப் போய்விடும். ஒவ்வொரு என்கோடரிலும் துடிப்பு தரும் ஏ, பி என்று இரண்டு வயர் உண்டு. ஆகவே நாலு என்கோடரின் ஏ வயரும் 2, 3, 18, 19இல். பி வயர்கள் 22 முதல் 25 வரை, அவற்றை இன்டரப்டுக்குள் வாசித்தால் போதும். 1:56 கியர், மோட்டர் தண்டில் சுற்றுக்கு 11 துடிப்பு, ஏ வயரின் ஏற்றம் இறக்கம் இரண்டையும் எண்ணினால் சில்லு ஒரு சுற்றுக்கு 1232 எண்ணிக்கை, ஒன்றுக்கு 0.2 மி.மீ.

கலவைக் கணக்கு, இங்கே ப என்பது வலப்பக்கம், தி என்பது கடிகாரத் திசை:

முன் இடது = நே + ப + தி
முன் வலது = நே − ப − தி
பின் இடது = நே − ப + தி
பின் வலது = நே + ப − தி

நாலில் ஏதாவது ஒன்று 1ஐ (அதாவது முழுவேகத்தை) தாண்டினால் நாலையும் அந்தப் பெரிய எண்ணால் வகுங்க. தாண்டியதை மட்டும் வெட்டினால் ரோபோ திசை மாறும்.

முதல் ஓட்டம் தரையில் வேண்டாம். ரோபோவை ஒரு பெட்டி மேல் தூக்கி வைத்து ஒவ்வொரு மோட்டராக முன்னோக்கி ஓட்டுங்க. நாலும் முன்னே சுற்றணும், என்கோடர் எண்ணிக்கை நாலும் ஏறணும். ஒன்று இறங்கினால் ஏ, பி வயரை மாற்றுங்க. இதைப் பார்க்காமல் வேகக் கட்டுப்பாட்டைப் போட்டால் அந்த ஒரு சில்லு முழுவேகத்தில் பறக்கும்.

பக்கவாட்டில் ரோலர் வழுக்கும். அதனால் என்கோடர் சொல்லும் தூரத்தை நம்பாதீங்க. 1000 மி.மீ. பக்கவாட்டில் போகச் சொல்லி அளவு நாடாவால் அளங்க. ஐந்து தடவை அளந்து சராசரி எடுங்க. 910 போனால் பெருக்கெண் 0.91. நேருக்கு வேறு பெருக்கெண். பாலிஷ் தரையில் எடுத்த எண் பெயின்ட் அடித்த பலகைக்குச் சரிவராது, ஆகவே ஒரு ப்ளைவூட் துண்டுக்கு அதே மாதிரிப் பெயின்ட் அடித்துப் பழகுங்க.

திசை வழுவாமல் இருக்க ஜைரோ. விநாடிக்கு 100 தடவை கோணப் பிழையைப் பார்த்து, பாகைக்கு 0.02 வீதம் தி-யில் சேருங்க. ரோபோ தலையாட்டத் தொடங்கும்வரை கூட்டி, பிறகு பாதியாக்குங்க. எம்பியு6050இன் வழுவல் (அசையாமல் நிற்கும்போதும் அது காட்டும் பொய்ச் சுழற்சி) சூட்டோடு மாறும். குளிர்ந்த காலையில் சுவிட்ச் போட்ட உடனே அளவு எடுத்தால் சில நிமிடத்தில் அது பொய்யாகிவிடும். ஐந்து நிமிடம் ஓட விட்டு, ரோபோ அசையாமல் நிற்கும்போது மூன்று விநாடி சராசரி எடுங்க. கொழும்புச் சூட்டில் போட்டி என்றால் அங்கேயே மறுபடி எடுக்கணும்.

மோட்டரின் மின் இரைச்சல் ஜைரோ வயரில் ஏறினால் மெகா அங்கேயே உறைந்து நிற்கும், மோட்டரோ கடைசிக் கட்டளையோடு ஓடிக்கொண்டே போகும். ஒவ்வொரு மோட்டர் முனையிலும் 100 நானோ ஃபாரட் செராமிக் கப்பாசிட்டர் வையுங்க, ஜைரோ வயரை 15 செ.மீ.க்குள் முடியுங்க, மோட்டர் வயருக்குப் பக்கத்தில் ஓட விடாதீங்க. ஜைரோவோடு பேசும் அர்டுயினோவின் "வயர்" (Wire) என்ற கோட் நூலகத்தில் டைம்அவுட் வசதி இருக்கிறது, அதையும் போடுங்க.

---

கண்டி_மூணுசில்லு:

கை 19 செ.மீ. என்றால் நானும் மெக்கானத்துக்கே கை தூக்குகிறேன்.

தட்டோரம் நிற்பதற்கு ஜைரோ மட்டும் போதாது. அது கோணத்தைத்தான் சொல்லும், சுவரிலிருந்து தூரத்தைச் சொல்லாது. முன் இரு மூலையிலும் ஒவ்வொரு விஎல்53எல்0எக்ஸ் லேசர் தூரமானி வையுங்க. இரண்டின் சராசரி தூரம், இரண்டின் வித்தியாசம் சாய்வு. இரண்டுக்கும் ஒரே முகவரி இருப்பதால், தொடங்கும்போது ஒன்றை அதன் எக்ஸ்ஷட் என்ற பின்னைக் கொண்டு அணைத்து வைத்து, மற்றதன் முகவரியை மாற்றிவிட்டுப் பிறகு எழுப்பணும். இரண்டு தூரமானி கிடைக்கவில்லை என்றால் சுவரில் மெதுவாக முட்டி நேர்ப்படுத்தும் முறையும் உண்டு: கால்வாசி வேகத்தில் அரை விநாடி தள்ளினால் முன்பக்கம் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், அந்தக் கணத்தில் ஜைரோ கோணத்தைச் சுழியாக்குங்க. முன்பக்கம் தட்டையாக இருந்தால்தான் இது வேலை செய்யும், ஆகவே சில்லுக்கு முன்னால் ஒரு நேரான அலுமினியப் பட்டி போட 30 செ.மீ.யில் 5 மி.மீ. ஒதுக்கி வையுங்க.

---

ஹட்டன்_தரம்12:

எல்லாம் எழுதிக்கொண்டோம். வாங்கும் பட்டியல்: 80 மி.மீ. மெக்கானம் இடது 3, வலது 3, என்கோடர் மோட்டர் 5, 6 மி.மீ. கப்ளிங் 6, டிரைவர் 5, 608 பேரிங் 2, பக் கன்வேர்ட்டர் 2, லேசர் தூரமானி 2, கிரப் ஸ்க்ரூ 20, ஃபியூஸ் 5. சனிக்கிழமை காலை பஸ்ஸில் இரண்டு பேர் போகிறார்கள். ரோலர் விட்டம் அளக்க வேர்னியரையும் கொடுத்து அனுப்புகிறோம்.

---

பண்டாரவளை_பட்டறை:

மோட்டர் ஐந்தையும் ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து எடுங்க. லேபிளில் கியர் விகிதம் ஐந்திலும் ஒன்றா என்று பாருங்க. வெளியே ஒரே மாதிரி இருந்து உள்ளே 1:30உம் 1:56உம் கலந்திருந்தால் கையால் சுற்றிக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு 9 வோல்ட் பெட்டரியும் இரண்டு முதலை கிளிப்பும் கொண்டுபோய் அங்கேயே ஒவ்வொன்றாக ஓட்டுங்க. தண்டில் ஒரு டேப் துண்டு ஒட்டி 10 விநாடிக்கு எத்தனை சுற்று என்று எண்ணினால் வேறுபட்டது தெரிந்துவிடும்.